இரண்டு புளியங்குளம்

மாசி பிறந்து பனி விலகத் தொடங்கிவிட்டால் இன்பராஜுக்கு விடியற்காலை பிடிக்காமல் போய்விடும். அந்த நாட்களில் காற்று ஒரு பொட்டு அசையாது. கருவேலங்காட்டுக்கு மேலே, கிழக்கு வானத்தின் அடியில், தூசியும் மூட்டமும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் படிந்து கிடக்கும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வெயில் கொளுத்தப் போகிறது என்று பேசிக்கொள்வார்கள். இன்பராஜ் மட்டும் ஸ்டேஷனுக்குள் போய் வயர்லெஸ் பெட்டியின் சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

செவல்பொட்டல் தீயணைப்பு நிலையத்தில் அவருக்கு வாட்ச் ரூம் வேலை. அழைப்பு வந்தால் எழுதிக்கொள்ள வேண்டும், மணி அடிக்க வேண்டும், வண்டி வெளியே போன பிறகு வயர்லெஸில் அதோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் அவரும் வண்டியில் தொங்கிக்கொண்டு போனவர்தான். ஒரு எண்ணெய் மில் கூரை உடைந்து விழுந்ததில் இடது கணுக்கால் நொறுங்கிப் போனது. நடை திரும்பிவிட்டது. ஏணி ஏற முடியவில்லை. அதிலிருந்து மேசையும் மைக்கும்தான்.

மேசை வேலை என்று அவர் சோம்பி உட்காரவில்லை. அந்த நிலையத்துக்கு அறுபத்திரண்டு கிராமம். ஒவ்வொரு கிராமத்திலும் கூப்பிட்டால் போனை எடுக்கக்கூடிய ஒரு ஆளின் நம்பரை அவராக விசாரித்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பெட்டிக்கடைக்காரர், சத்துணவு அமைப்பாளர், ஆட்டோக்காரர் என்று அதில் எல்லா வகை ஆட்களும் உண்டு. யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

வயர்லெஸில் வெளியாள் பேச்சு விழத் தொடங்கியது நாலு வருஷத்துக்கு முன்பு. முதலில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி ஒரு இரைச்சல்தான். அப்புறம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, புரியாத பாஷையில் ஒரு ஆண் குரல் எண்களை அடுக்கிக்கொண்டே போனது. பக்கத்து அறையில் இருந்து பேசுவது போல அத்தனை தெளிவு. இன்னொரு நாள் தெலுங்கில் ஒரு பெண். பதினொரு மணிக்கு வெயில் ஏறிக் காற்று எழும்பியதும் எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி அடங்கிப்போகும்.

நிலைய அலுவலர் நவநீதகிருஷ்ணன் இவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். மரியாதை தெரிந்த ஆள்.

"சார், நம்ம அலைவரிசையில வெளியாளு பேச்சு விழுகுது" என்றார் இன்பராஜ்.

"எவன் பேசுறான்? லாரிக்காரனுங்களா?"

"கடலுக்கு அங்கிட்டு இருந்து சார்."

நவநீதகிருஷ்ணன் சிரித்துவிட்டார். "அண்ணே, நம்ம வண்டி திருச்சுழியத் தாண்டுனாலே செட்டு இழுக்க மாட்டேங்குது. கடலத் தாண்டி எவன் செட்டு இங்க இழுக்கப் போகுது?"

இன்பராஜுக்கு அது புதுசு இல்லை. மல்லாங்கிணற்றில் அவர் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், வீட்டுக்கு வீடு உயரமான குழாயை நட்டு, ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி இலங்கை டி.வி. பார்த்தார்கள். கூரை மேலே ஏறிக் குழாயைத் திருப்பிக் கொடுக்கிற வேலைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். மூட்டம் போட்டுக் காற்று நின்ற நாளில் படம் கண்ணாடி மாதிரி வரும், காற்று அடித்தால் போய்விடும். ஏன் என்று பிற்பாடு துறைப் பயிற்சிக்குப் போனபோது ஒரு இன்ஜினியர் சொன்னார். கடல் மேலே குளிர்ந்த காற்று கிடக்க, அதற்கு மேலே சூடான காற்று மூடி போட்ட மாதிரி வந்து படிந்துவிடும். ஆகாயத்தில் ஏறித் தொலைந்துபோக வேண்டிய அலை, அந்த மூடியில் முட்டி முட்டி அடியிலேயே வழுக்கிக்கொண்டு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் போய் விழும். அங்கே யாராவது நம்முடைய அதே அலைவரிசையில் பேசினால், அவன் பேச்சு நம் வீட்டு முற்றத்தில் வந்து இறங்கும்.

அதற்கு வழியும் இன்ஜினியரே சொல்லியிருந்தார். நம் செட்டுகள் பேசும்போது, காதுக்குக் கேட்காத ஒரு தொனியைச் சேர்த்து அனுப்ப வைக்கலாம். அந்தத் தொனி வந்தால் மட்டும் நம் ஸ்பீக்கர் திறக்கும். வேற்றாள் எத்தனை கத்தினாலும் திறக்காது. இன்பராஜ் அதைக் கேட்டு மூன்று முறை மேலே எழுதினார். இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை. மூன்றாவதுக்கு ஒரு டெக்னீசியன் வந்தார். அவர் வந்தது ஆனி மாதம். மேல்காற்று மண்ணை அள்ளி அடித்துக்கொண்டிருந்த நேரம். அரை நாள் உட்கார்ந்து ஒரு இரைச்சல்கூடக் கேட்காமல், 'செட் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் இன்பராஜ் தேதி, மணி, மூட்டம், காற்று, என்ன பேச்சு என்று தனியாக ஒரு நோட்டுப் போட்டு எழுதி வந்தார். மூட்டமான காலைகளில் ஏழு மணிக்கே கைப்பேசியில் ரெக்கார்டிங்கைப் போட்டு செட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். மற்றவர்கள் அதைப் பார்த்துக் கேலி பேசினார்கள். அவர் மனசுக்குள் இருந்தது வேறு பயம். சிங்களமோ தெலுங்கோ வந்தால் நமக்கில்லை என்று விட்டுவிடலாம். தமிழ் வந்தால் என்ன செய்வது?

போன வருஷம் பங்குனியில், ஒரு புதன்கிழமை, அது வந்தது.

அந்த வாரம் கிழக்கே நாலைந்து ஊர்களில் பங்குனிப் பொங்கல். கண்மாயிலும் கிணற்றிலும் ஜனம் குளிக்க இறங்கும் என்பதால், பேரிடர் தன்னார்வலர்கள் சிலரிடம் வாக்கி டாக்கி கொடுத்து அங்கங்கே நிறுத்தியிருந்தார்கள். எல்லாரும் புது ஆட்கள், இன்பராஜுக்குக் குரல் பழக்கம் இல்லை. காலை ஏழு முப்பத்தஞ்சுக்கு ஸ்பீக்கர் கரகரவென்று திறந்தது.

"...புளியங்குளம்... கிணத்துக்க பிள்ளையள் விழுந்திட்டினம்... ரெண்டு பேர்... புளியங்குளம்..."

திருச்சுழிக்கு அப்பால் இருக்கிற புளியங்குளம் இவர் நிலையத்து ஊர்தான். பத்தொன்பது கிலோமீட்டர். அங்கேயும் பொங்கல். இன்பராஜ் மைக்கை அழுத்தினார்.

"புளியங்குளத்துல எந்த இடம்? திரும்பச் சொல்லுங்க."

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால. ரெண்டு பேர், சின்னப் பிள்ளையள். வாகனம் வருதோ?"

நவநீதகிருஷ்ணன் வாசலில் நின்று கேட்டுவிட்டார். அவரே போய் மணியை அடித்தார். வண்டி உறுமத் தொடங்கியது. இன்பராஜ் முப்பது வருஷப் பழக்கத்தில், யோசிக்காமலே சொன்னார்.

"வண்டி கெளம்பிருச்சு. அங்கயே இருங்க. யாரையும் உள்ள எறங்க விடாதீங்க."

பழங்கிணற்றில் விஷக்காற்று நிற்கும். காப்பாற்ற இறங்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராய்ச் செத்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அதனால் கிணறு என்று யார் கூப்பிட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்.

"ஓம், ஓம், சரி" என்றது அந்தக் குரல்.

மைக்கை விட்ட பிறகுதான் அந்த 'ஓம்' அவர் காதில் உறைத்தது. வாகனம், பிள்ளையள், ஓம். நொண்டிக்கொண்டே வெளியே ஓடி வண்டியின் கதவைப் பிடித்தார்.

"சார், பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சு மாதிரி இல்ல."

"அண்ணே, ரெண்டு புள்ளைக. பேச்சு எந்தப் பக்கமா இருந்தா என்ன? போயிப் பாத்துட்டு, இல்லைன்னா திரும்பி வந்திர்றோம்."

அதற்கு மேல் யாராலும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. ஏழு முப்பத்தெட்டுக்கு வண்டி கேட்டைத் தாண்டியது. அந்த நிலையத்தில் இருந்தது அந்த ஒரு வண்டிதான்.

ஏழு ஐம்பத்திரண்டுக்குத் தொலைபேசி அடித்தது. எம்.ரெட்டியபட்டி போகிற ரோட்டில், எதிர்த்திசையில், ஒன்பது கிலோமீட்டரில் ஒரு கழிவுப்பஞ்சு குடோன். பஞ்சு பிரிக்கிற பொம்பளையாட்கள் ஆறு பேர் உள்ளே வேலையில் இருக்கும்போது மின்கம்பியில் பொறி பறந்து பற்றிக்கொண்டது. போனில் பேசிய ஆளுக்கு வார்த்தை கோர்வையாக வரவில்லை. அவன் பின்னால் பெண்கள் கத்துகிற சத்தம் கேட்டது.

இன்பராஜ் மைக்கை எடுத்து வண்டியைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் அந்த வேற்று இரைச்சல்தான் உட்கார்ந்திருந்தது. எது வலுத்த அலையோ அது மட்டும்தான் அந்தச் செட்டில் கேட்கும், மெலிந்தது அதற்கடியில் நசுங்கிப் போகும். வண்டிக்காரர்கள் பதில் சொன்னார்களா, இவர் கூப்பிட்டதே அவர்களுக்குக் கேட்கவில்லையா, தெரியவில்லை. நவநீதகிருஷ்ணனின் கைப்பேசிக்கு அடித்தார், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. புளியங்குளத்தில் ஒரே ஒரு கம்பெனியின் சிக்னல்தான் எடுக்கும். பக்கத்து நிலையத்துக்கு அடித்தார். அவர்கள் வண்டி ஒரு விபத்துக்குப் போயிருந்தது, திரும்பக் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

அப்போதுதான் கிராமத்து நம்பர் நோட்டைப் புரட்டினார். புளியங்குளம், பெட்டிக்கடை ஜக்கம்மாள். மூன்றாவது முறை அடித்த பிறகு எடுத்தாள்.

"ஜக்கம்மா, ஃபயர் ஸ்டேஷன் இன்பராஜ் பேசுறேன். எங்க வண்டி உங்க ஊருக்கு வந்திருச்சா?"

"இப்பத்தான் வந்து பள்ளிக்கூடத்துக்கிட்ட நிக்குது. கெணத்துல ஒண்ணையும் காணோமே, என்னத்தத் தேடுறாக?"

"யாருமே விழுகலையா?"

"விழுந்தா ஊரு இப்படியா இருக்கும்?"

"இந்தப் போன ஆபீசர் கையில குடு. ஓடு தாயி. நிக்காத."

அவள் ஓடுகிற மூச்சுச் சத்தத்தை இன்பராஜ் கேட்டுக்கொண்டே இருந்தார். நவநீதகிருஷ்ணன் குரல் வந்தபோது மணி எட்டு மூன்று. வண்டி திரும்பி, இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓடி, குடோனை அடையும்போது எட்டு நாற்பது.

வண்டி ரோட்டில் வந்துகொண்டிருந்த அந்த இடைவெளியில் ஸ்பீக்கர் இன்னொரு முறை திறந்தது.

"வாகனம் எங்க நிக்குது? இன்னும் வரேல்லையே. எங்க நிக்கிறியள்?"

இவர் குரல் அங்கே போயிருக்கிறது. தன் காதுக்கு அங்கே இருந்து வருகிறதே என்று மூன்று வருஷமாக எழுதி வந்தவர், தன் குரலும் அதே வழியில் அந்தப் பக்கம் போகும் என்பதை ஒரு நாளும் நினைத்ததில்லை. மைக்கை எடுத்தார்.

"இது இந்தியா. நான் இந்தியாவுல இருந்து பேசுறேன். எங்க வண்டி உங்களுக்கு வராது. உங்க ஆளுகளக் கூப்பிடுங்க. கேக்குதா?"

பதில் இல்லை. இரண்டு முறை, மூன்று முறை சொன்னார். இரைச்சல் மெல்ல மெல்ல மெலிந்து, வெறும் ஸ்பீக்கர் ஆனது. சற்று நேரத்தில் அதே ஸ்பீக்கரில் நவநீதகிருஷ்ணன் குரல் தெளிவாக வந்தது. குடோன் கூரை விழுந்துவிட்டது என்றார்.

ஆறு பேரில் ஐந்து பேரை அக்கம்பக்கத்தார் சுவரை இடித்து வெளியே இழுத்திருந்தார்கள். கடைசி மூலையில் இருந்த சுப்பம்மாளுக்கு இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோனது. உயிர் தப்பினாள். வண்டி நிலையத்திலேயே இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று ரெட்டியபட்டிப் பக்கம் ஊரே பேசியது. உண்மையும் அதுதான்.

ஒரு வாரத்தில் மெமோ வந்தது. அழைப்பை உறுதி செய்யாமல் வண்டியை அனுப்பக் காரணமாக இருந்தது ஏன் என்று கேட்டிருந்தார்கள். இன்பராஜ் வீட்டில் அதை மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தெரசாள் எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்தாள்.

"நீங்க மூணு வருஷமா எழுதிக் குடுத்தீகளே, அதையும் கொண்டு போயி அவுக முன்னாடி வைங்க" என்றாள்.

வைத்தார். மூட்டத்து நோட்டையும் வைத்தார், அன்றைய ரெக்கார்டிங்கையும் போட்டுக் காட்டினார். விசாரணைக்கு வந்த அதிகாரி பொறுமையான மனிதர். இரண்டு முறை கேட்டார். முடிவெடுத்தது நான்தான் என்று நவநீதகிருஷ்ணன் எழுதிக் கொடுத்தார். ஆடி மாதத்தில் மெமோ கைவிடப்பட்டது. அதே மாதம் எல்லாச் செட்டுக்கும் தொனி போட்டுக் கொடுத்தார்கள். ஒரு நோட்டு இத்தனை பெரிய வேலை செய்யும் என்று நினைக்கவில்லை என்று ஸ்டேஷனில் எல்லாரும் அவர் முதுகில் தட்டினார்கள்.

அந்த அதிகாரி ரெக்கார்டிங்கில் எட்டு ஐந்துக்கு மேல் உள்ளதைக் கேட்கவில்லை. வண்டி கிளம்பியதும் திரும்பியதும்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

மெமோ நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே இன்பராஜும் தெரசாளும் சுப்பம்மாளை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தார்கள். நாற்பது வயது இருக்கும். இரண்டு கையும் கட்டுப் போட்டுத் தலையணை மேல் கிடந்தன. ஏசுவாள் என்று நினைத்துத்தான் இன்பராஜ் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். யார், என்ன என்று தெரசாள் சொன்னதை எல்லாம் சுப்பம்மாள் கேட்டுக்கொண்டாள்.

"கெணத்துல விழுந்த புள்ளைகளத் தூக்கத்தான வண்டி போச்சுன்னாக. அந்தப் புள்ளைக என்னாச்சு?" என்றாள்.

இன்பராஜ் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தார். பஸ்ஸில் வரும்போதும் அந்தக் கேள்விதான் கூடவே வந்தது. விழுந்த பிள்ளைகள் எங்கேயோ விழுந்துதான் இருக்கிறார்கள்.

ஸ்டேஷன் கதவுகளுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்த உதயகுமார் ஞாபகத்துக்கு வந்தார். மல்லாங்கிணறு இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர். ஆறு வயதில் அம்மா மடியில் படகில் வந்தவருக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலய ஆராதனை முடிந்ததும் இன்பராஜ் அவரைத் தேடிப் போனார். முகாம் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று ரெக்கார்டிங்கைப் போட்டார்.

உதயகுமார் கைப்பேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முதல் வரியிலேயே முகம் மாறியது.

"இது எங்கட ஆக்கள். எங்கட பக்கத்திலயும் ஒரு புளியங்குளம் இருக்கு அண்ணன். வவுனியாவில இருந்து வடக்க போகேக்க வரும். அம்மா சொல்லுவா."

"அங்க யாரயாச்சும் தெரியுமா ஒங்களுக்கு?"

"மாமி ஒராள் இருக்கிறா. கேட்டுப் பார்க்கிறன்."

பன்னிரண்டு நாள் கழித்து உதயகுமாரே ஸ்டேஷனுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அங்கே ஒரு தொண்டர் குழு ஆம்புலன்ஸ் ஓட்டுகிறது, அன்றைக்கு அந்தக் கிணற்றடியில் வாக்கி டாக்கியோடு நின்றவர் பெயர் தயாபரன், மரவேலை செய்கிறவர் என்று சொல்லி நம்பரைக் கொடுத்தார். பிள்ளைகளைப் பற்றி இன்பராஜ் கேட்டதற்கு, "அவரோடயே கதையுங்கோ அண்ணன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டில் வைத்து இன்பராஜ் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். தெரசாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தன் பெயரைச் சொல்லி, எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லத் தொடங்கியதுமே அந்தப் பக்கம் இருந்தவர் இடைமறித்தார்.

"உங்கட குரல்தான். 'யாரையும் உள்ள எறங்க விடாதீங்க' எண்டது நீங்கள்தானே."

"நாந்தாங்க."

அப்புறம் தயாபரன் மெதுவாகச் சொன்னார். அக்காவும் தம்பியும். அக்காவுக்கு ஒன்பது வயது, பம்பு பைப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள், கயிறு போட்டுத் தூக்கிவிட்டார்கள். தம்பிக்கு ஆறு. அவன் அடியில் போய்விட்டான். இறங்குவதற்கு இரண்டு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஆம்புலன்ஸ்காரர் கதைக்கினம் எண்டுதான் நான் நினைச்சனான். பேச்சு கொஞ்சம் வித்தியாசமா இருந்தது. இந்தியாவில படிச்ச ஆளாக்கும் எண்டு நினைச்சிட்டன். வாகனம் வெளிக்கிட்டுது எண்டு சொன்னியள். அதனால அவையள நான் மறிச்சனான். அரை மணித்தியாலம். பிறகு நீங்கள் இந்தியா எண்டு சொன்னது கேட்டது. அப்பதான் எனக்கு விளங்கினது."

"நான் சொன்னதாலதான்…"

"இல்ல. மறிச்சது நான்தான். நீங்கள் உங்கட ஊர்ப் பிள்ளையளுக்குச் சொன்னியள். உண்மையா உங்கட ஊரெண்டால் அது சரியான சொல்."

தயாபரன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் இன்பராஜுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். போனை வைத்த பிறகு, சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பையன் பேரு என்ன?" என்று தெரசாள் கேட்டாள்.

அவர் கேட்கவில்லை. மறுநாள் கேட்டு எழுதினார். நிலவன் என்று பதில் வந்தது. அதிலிருந்து அவர்கள் வீட்டு ஜெபத்தில் அந்தப் பெயரும் இருக்கிறது. சுப்பம்மாள் பெயரும் இருக்கிறது. சுப்பம்மாளுக்கு வலது கை விரல்கள் மடங்கவில்லை. தோட்டத்துக் காவலுக்குப் போகிறாள். அவளிடம் போய் ஒரு பிள்ளை பிழைத்தது என்று இன்பராஜ் சொன்னார். மற்றதை அவளே புரிந்துகொண்டாள், கேட்கவில்லை.

மெமோ கைவிடப்பட்ட அன்று ஸ்டேஷனில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்கள். தன்மேல் தப்பில்லை என்று அச்சடித்த தாள் கையில் இருந்தது. நிலவனின் சாவுக்கு எந்த ஆபீஸிலும் ஃபைல் கிடையாது, யாரும் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கப் போவதும் கிடையாது. அந்தத் தாளை அவர் மடித்து டிராயரில் போட்டார்.

இந்த வருஷம் மாசி பிறந்தது. தொனி போட்ட பிறகு ஸ்பீக்கர் மூட்டத்திலும் வாய் திறக்கவில்லை.

"செட்டு சுத்தமாயிருச்சுண்ணே" என்றார் நவநீதகிருஷ்ணன்.

"நம்ம காதத்தான் சார் அடைச்சிருக்கோம்" என்றார் இன்பராஜ். "பேச்சு வந்துக்கிட்டுத்தான் இருக்கு. நாம பேசுறதும் போய்க்கிட்டுத்தான் இருக்கு. அவுக செட்டுக்குத் தொனி இல்ல."

நவநீதகிருஷ்ணன் அன்றைக்கே மேலே ஒரு கடிதம் எழுதினார். இந்த முறை கையெழுத்து அவருடையது. அலைவரிசையையே மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை.

வாட்ச் ரூமை விட்டு வேறு வேலைக்குப் போகிறீர்களா என்று இன்பராஜிடம் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டார். மற்றவர்களுக்கு இது தெரியாது, நான் போனால் யார் பார்ப்பது என்பது ஒன்று. இன்னொன்றை அவர் தெரசாளிடம் மட்டும் சொன்னார். மைக்கைப் பார்த்தால் அவருக்குப் பயமாக இருக்கிறது, அந்தப் பயம் உள்ள ஆள்தான் அங்கே உட்கார வேண்டும்.

இப்போது மைக்கில் எந்தக் கட்டளை சொல்வதானாலும் முதலில் மாவட்டத்தைச் சொல்கிறார். "விருதுநகர் மாவட்டம், இந்தியா, செவல்பொட்டல் பேசுது" என்று தொடங்கித்தான் மற்றதைச் சொல்வார். வண்டியில் போகிற இளவட்டங்கள் முதலில் சிரித்தார்கள். காரணத்தை நவநீதகிருஷ்ணன் அவர்களிடம் சொன்ன பிறகு சிரிப்பதில்லை. அவர்களும் அப்படியே பேசப் பழகிவிட்டார்கள்.

தயாபரனும் அவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. நலமா என்று கேட்டுக்கொள்வதும் இல்லை. மூட்டம் போட்ட காலையில் மட்டும், ஆறரை மணி வாக்கில், இரண்டு கைப்பேசியில் ஒன்று முந்திக்கொள்ளும். "இண்டைக்கு உங்கட சத்தம் வருது" என்று அங்கிருந்து வரும். "சரிங்க, பாத்துப் பேசுறோம்" என்று இங்கிருந்து போகும். அந்த மாசியில் மட்டும் பதினொரு நாள் அப்படி வந்தது.

பங்குனி முதல் வாரத்தில் ஒரு காலை. தயாபரனிடமிருந்து செய்தி வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. குமாரலிங்கபுரம் பக்கம் கண்மாய்க்கரையில் கிணற்றில் ஒரு ஆள் விழுந்துவிட்டதாகத் தொலைபேசி வந்தது. இன்பராஜ் ஊரைக் கேட்டார், மாவட்டத்தைக் கேட்டார், கூப்பிட்டவர் அப்பா பெயரையும் கேட்டார். மணி அடித்தார். வண்டி போனது. பாதி வழியில் நவநீதகிருஷ்ணன் வயர்லெஸில் வந்து, கிணற்றடியில் ஜனம் கூடியிருக்கும், என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

யாரையும் உள்ளே இறங்க விடாதீர்கள் என்று போனில் சொல்லியாகிவிட்டது. அதை இப்போது மைக்கில் சொல்ல வேண்டும். இன்பராஜ் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுத்தாமல் இருந்தார்.

"விருதுநகர் மாவட்டம், இந்தியா" என்று தொடங்கினார். "குமாரலிங்கபுரம் கெணத்துக்கு மட்டும் சொல்றேன். வேற எந்த ஊருக்கும் இல்ல." அதன் பிறகே மற்றதைச் சொன்னார்.

விழுந்த ஆளை உயிரோடு தூக்கிவிட்டார்கள். எட்டேகாலுக்கு அந்தச் செய்தி வந்தது. கைப்பேசியில் தயாபரன் ஒரே வார்த்தை அனுப்பியிருந்தார்: "கேட்டது."

இன்பராஜ் பதில் எழுதவில்லை. பதினொரு மணிக்கு வேப்பிலை அசைந்து காற்று எழும்பிய பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்து டீ குடிக்கப் போனார்.